இங்கிலாந்து சிக்ஸ்த் ஃபார்மில் ஐ.டி. படிக்க வேண்டுமா? புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஊரில் பத்தாவதையோ ஓ லெவலையோ முடித்துவிட்டு இங்கிலாந்தில் வந்து இறங்கும் பிள்ளைகளுக்கும், அவர்களைக் காலேஜில் சேர்க்க அலையும் பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன். எங்கள் மகளைச் சேர்க்க நாங்கள் பட்ட பாட்டில் பாதியாவது, யாராவது முன்னாலேயே இப்படி ஒன்றை எழுதி வைத்திருந்தால் மிச்சமாகியிருக்கும். இங்கே சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்தின் முறை முற்றிலும் வேறு. வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் பாடங்களே மாறும்.

1. முதலில் வயதைக் கணக்குப் போடுங்கள்

இங்கே வகுப்பை முடிவு செய்வது மதிப்பெண் பட்டியல் அல்ல, பிறந்த தேதி. செப்டம்பர் 1 முதல் அடுத்த ஆகஸ்ட் 31 வரை பிறந்தவர்கள் எல்லாரும் ஒரே வகுப்பு. ஆகஸ்ட் 31 அன்று 16 வயது நிரம்பியிருந்தால்தான் பன்னிரண்டாம் ஆண்டு, அதாவது சிக்ஸ்த் ஃபார்ம் என்ற இரண்டாண்டுப் படிப்பின் முதல் ஆண்டு. ஊரில் பத்தாவதை முடித்தவர்களில் பலருக்கு அப்போது 15தான் ஆகியிருக்கும். அவர்களைப் பள்ளியில் பதினோராம் ஆண்டில் போடுவார்கள், அந்த ஆண்டு முடிவில் ஜி.சி.எஸ்.இ. என்ற பொதுத்தேர்வை எழுத வேண்டும். "பத்தாவது பாஸ் பண்ணியாச்சே" என்று வாதாடிப் பயனில்லை. அந்த ஓர் ஆண்டில் கிடைக்கும் ஆங்கில, கணித ஜி.சி.எஸ்.இ. பின்னால் நிறையக் கதவுகளைத் திறக்கும்.

ப்ளஸ் ஒன் பாதியில் விட்டு வந்தவர்கள் முதல் ஆண்டிலிருந்தே தொடங்குங்கள். இரண்டாம் ஆண்டில் நேரடியாக நுழைய முயல வேண்டாம்; ஏன் என்பது 11ஆம் பகுதியைப் படித்தால் தெரியும். 18 வயது வரை ஏதாவதொரு படிப்பிலோ பயிற்சியிலோ இருந்தாக வேண்டும் என்பது இங்கே சட்டம். ஆகவே "ஒரு வருஷம் வீட்டில் இருந்து மெதுவாகப் பார்க்கலாம்" என்ற யோசனையையும் விட்டுவிடுங்கள்.

2. ஐ.டி. என்ற பெயரில் நாலு வகைப் படிப்பு

ஏ லெவலில் (நம் ஊர் ப்ளஸ் டூ மாதிரி, ஆனால் பொதுவாக மூன்றே பாடம்) ஐ.சி.டி., அதாவது தகவல் தொடர்புத் தொழில்நுட்பம், என்று ஒரு பாடம் முன்பு இருந்தது. இங்கிலாந்தில் அதை நிறுத்திவிட்டார்கள். இலங்கையில் உயர்தரத்தில் ஐ.சி.டி. இருப்பதாலும், வெளிநாடுகளுக்கான கேம்பிரிட்ஜ் ஏ லெவலில் ஐ.டி. பாடம் இருப்பதாலும் நம்மவர்கள் அதையே இங்கும் தேடுகிறார்கள். காலேஜ் பட்டியலில் நீங்கள் பார்க்கப் போவது இவைதான்:

ஏ லெவல் கம்ப்யூட்டர் சயின்ஸ். இதில் வேர்ட், எக்செல் எதுவும் கிடையாது. இரும எண்கள், பூலியன் இயற்கணிதம், அல்காரிதம்களின் (கணக்கைத் தீர்க்கும் படிமுறைகளின்) வேகக் கணக்கு, டைக்ஸ்ட்ராவின் குறும்பாதை, டேட்டாபேஸ், ப்ரோகிராமிங் என்று போகும். பெரும்பாலான காலேஜ்களில் ஏ.க்யூ.ஏ. அல்லது ஓ.சி.ஆர். என்ற தேர்வு வாரியத்தின் பாடத்திட்டம். இரண்டிலும் தேர்வுத்தாள்கள் இரண்டு, ஒவ்வொன்றும் இரண்டரை மணி நேரம், தலா 40 சதவீதம். மீதி 20 சதவீதம் மாணவர் சொந்தமாகச் செய்யும் ப்ராஜெக்ட்.

இந்த இரண்டு வாரியங்களுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஏ.க்யூ.ஏ.வின் முதல் தாளைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எழுத வேண்டும். ஓர் அரைகுறை ப்ரோகிராமை முன்கூட்டியே கொடுத்துவிடுவார்கள். தேர்வன்று அதைத் திருத்தியும் நீட்டியும் ஓட வைக்க வேண்டும். ஓ.சி.ஆரில் இரண்டு தாளும் காகிதத்தில்தான், நிரலையும் பேனாவால் எழுத வேண்டும். கை பழகிய பிள்ளைக்கு முன்னதும், பாடத்தைக் கோர்வையாக எழுதி விளக்கக்கூடிய பிள்ளைக்குப் பின்னதும் ஒத்துவரும். எந்த வாரியம், எந்த மொழியில் சொல்லித் தருகிறார்கள் (பைத்தானா, சி ஷார்ப்பா, ஜாவாவா) என்று ஓப்பன் டே (காலேஜைச் சுற்றிப் பார்க்க அழைக்கும் நாள்) அன்றே கேட்டுவிடுங்கள்.

பீடெக் (BTEC) ஐ.டி. இது தொழிற்கல்விப் படிப்பு. நம் ஊர் பி.டெக் பட்டத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, சொந்தக்காரர்களிடம் சொல்லும்போது கவனம். ஒரு ஏ லெவலுக்குச் சமமான சிறிய வடிவமும், மூன்று ஏ லெவலுக்குச் சமமான பெரிய வடிவமும் உண்டு. டேட்டாபேஸ், இணையதளம் உருவாக்குதல், இணையப் பாதுகாப்பு போன்ற வேலைக்குப் பக்கத்திலிருக்கும் விஷயங்கள். கொஞ்சம் தேர்வு, கொஞ்சம் அசைன்மென்ட். 2025 செப்டம்பரிலிருந்து சிறிய வடிவத்துக்குப் புதிய பாடத்திட்டம் வந்திருக்கிறது. அதே அளவில் ஓ.சி.ஆரும் கேம்பிரிட்ஜ் அட்வான்ஸ்டு நேஷனல்ஸ் என்ற பெயரில் பாடங்கள் நடத்துகிறது.

டி லெவல் (T Level). இதுவும் தொழிற்கல்விதான். இரண்டு ஆண்டும் ஒரே துறை, மூன்று ஏ லெவலுக்குச் சமம். குறைந்தது 315 மணி நேரம், சுமாராக 45 நாள், ஒரு நிறுவனத்தில் வேலை செய்தாக வேண்டும். மென்பொருள் உருவாக்கத்துக்கு ஒன்று, கணினி ஆதரவுப் பணிகளுக்கு ஒன்று என்று பிரிவுகள் உண்டு. வேலை செய்யும் இடத்தைக் காலேஜ் தேடித் தருகிறதா, உங்கள் தலையில் கட்டுகிறதா என்று கேளுங்கள்.

இரண்டாம் நிலை ஐ.டி. ஆங்கிலம், கணிதம் இரண்டும் பலவீனமாக இருக்கும் பிள்ளைக்கு ஓர் ஆண்டுப் படிப்பு. முடித்தபின் மேலே சொன்னவற்றுக்குப் போகலாம். மொத்தம் மூன்று ஆண்டாகும், அவ்வளவுதான்.

தொழிற்கல்விப் பாடங்களை அரசு இப்போது கலைத்து அடுக்கிக்கொண்டிருக்கிறது. வி லெவல் என்று புதிதாக ஒன்றும் வரப்போகிறது. ஆகவே அக்கம்பக்கத்துப் பிள்ளை மூன்று வருடம் முன்பு படித்ததை வைத்து முடிவெடுக்காமல், காலேஜின் இந்த ஆண்டுப் பட்டியலை மட்டும் நம்புங்கள்.

3. கணிதத்தை எடுப்பதா, விடுவதா

பாடத்தேர்வில் உண்மையாக யோசிக்க வேண்டியது இது ஒன்றுதான். இம்பீரியல், கேம்பிரிட்ஜ் மாதிரி இடங்களில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டப்படிப்புக்கு ஏ லெவல் கணிதம் கட்டாயம். ஏ லெவல் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்திருக்க வேண்டும் என்று கேட்கும் இடங்களோ மிகக் குறைவு. இதைக் கேட்டு நம்பாத பெற்றோர் பலரைப் பார்த்திருக்கிறேன். விருப்பமான நாலு பல்கலைக்கழகங்களின் சேர்க்கைப் பக்கத்தைத் திறந்து நீங்களே பாருங்கள்.

கணிதம் வரும் பிள்ளை என்றால் கணிதம், கம்ப்யூட்டர் சயின்ஸ், இன்னொரு பாடம். கணிதம் வேப்பங்காயாகக் கசக்கிற பிள்ளையை அதில் தள்ளி டி கிரேடு வாங்க வைப்பதைவிட, பெரிய பீடெக்கில் டிஸ்டிங்ஷன் வாங்க விடுவது மேல். பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ் அமைப்பின் புள்ளிக் கணக்கில் ஏ லெவல் ஏ கிரேடு ஒன்றுக்கு 48. பெரிய பீடெக்கில் மூன்று டிஸ்டிங்ஷனுக்கு 144. கணக்கு ஒன்றுதான், ஆனால் புள்ளியை மட்டும் பார்க்காமல் பாடத்தையும் பார்க்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

4. எந்த மாதிரி இடம்

பள்ளியோடு ஒட்டிய சிக்ஸ்த் ஃபார்ம், தனியாக நடக்கும் சிக்ஸ்த் ஃபார்ம் காலேஜ், எல்லா வயதினருக்குமான எஃப்.இ. (ஃபர்தர் எஜுகேஷன்) காலேஜ் என்று மூன்று. பள்ளிகளில் முதல் முன்னுரிமை சொந்த மாணவர்களுக்குப் போய்விடும். சிக்ஸ்த் ஃபார்ம் காலேஜில் எல்லாருமே வெளியிலிருந்து வருபவர்கள், அதனால் புதிதாக வந்த பிள்ளை தனித்துத் தெரியாது. எஃப்.இ. காலேஜில் டி லெவல், இரண்டாம் நிலை, ஆங்கில வகுப்பு எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஆங்கிலம் சற்றுத் தடுமாறினால் சில இடங்களில் ஓர் ஆண்டு முழுக்க ஆங்கில மொழி வகுப்பில் போட்டுவிடுவார்கள். உண்மையிலேயே தேவைப்படும் பிள்ளைக்கு அது நல்லதுதான். ஆனால் அதோடு கணித ஜி.சி.எஸ்.இ.யும் சேர்த்துத் தருவார்களா, ஆண்டு முடிவில் எந்தப் படிப்புக்கு அனுப்புவார்கள் என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

5. கட்டணம் உண்டா

இல்லை, உங்கள் பிள்ளை அரசு நிதிக்குத் தகுதி உள்ளவராக இருந்தால். பெற்றோரில் ஒருவர் வேலை விசாவில் இருந்து, 16 அல்லது 17 வயதுப் பிள்ளை அவரைச் சார்ந்தவராக வந்திருந்தால் தகுதி உண்டு. இடையில் 18 ஆனாலும் தொடங்கிய படிப்பை முடிக்கலாம். படிப்பு தொடங்கும்போதே 18 ஆகியிருந்தால் கதை வேறு: நிரந்தர வசிப்புரிமை இருக்கிறதா, மூன்று ஆண்டு இங்கே இருந்தீர்களா என்று கேட்பார்கள். அகதி அந்தஸ்து பெற்றவர்களுக்கு அந்த மூன்று ஆண்டு நிபந்தனை இல்லை. சுற்றுலா விசாவில் வந்து சேர முடியாது.

வரவேற்பு மேசையில் இருப்பவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. எங்களிடம் ஓரிடத்தில் விசாவைப் பார்த்ததுமே வெளிநாட்டு மாணவர் கட்டணப் பட்டியலை நீட்டினார்கள். அப்படி நடந்தால் சண்டை வேண்டாம், எழுந்து வரவும் வேண்டாம். "அரசின் 16 முதல் 19 வயதினருக்கான நிதி விதிமுறைப்படி பார்த்துச் சொல்லுங்கள்" என்று சேர்க்கைப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். எழுத்தில் கேட்டால் விவரம் தெரிந்தவரிடம் போய்ச் சேரும்.

விசாவில் "பொது நிதி கிடையாது" என்று இருப்பதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. அரசுப் பள்ளிக் கல்வி அந்தப் பட்டியலில் வராது. பிள்ளைகளுக்காக அரசு தரும் சைல்ட் பெனிஃபிட் உதவித்தொகை அதில் வரும், அதற்கு மட்டும் விண்ணப்பித்துவிடாதீர்கள். தகுதியோடு ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருக்கும் குடும்பமாக இருந்தால், பிள்ளை படிப்பைத் தொடர்கிறது என்பதை 16 வயது நிரம்பியபின் வரும் ஆகஸ்ட் 31க்குள் வருமான வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் பணம் நின்றுவிடும்.

6. ஆவணங்கள்

இழுபறி எல்லாம் இங்கேதான். ஒவ்வொன்றாக வருகிறேன்.

*பாஸ்போர்ட்.* பிள்ளையுடையது. காலாவதிக்கு ஆறு மாதம்தான் இருக்கிறது என்றால் இப்போதே புதுப்பிக்கக் கொடுங்கள். புதிய பாஸ்போர்ட் வந்ததும் விசாக் கணக்கிலும் எண்ணை மாற்ற வேண்டும், பலரும் இதை விட்டுவிடுகிறார்கள்.

*ஷேர் கோடு.* பிள்ளையின் விசா நிலையைக் காலேஜ் இணையத்தில் சரிபார்க்க நாம் எடுத்துக் கொடுக்கும் கோடு இது. பிளாஸ்டிக் அட்டைக் காலம் முடிந்துவிட்டது, இப்போது எல்லாம் இ-விசா. பிள்ளைக்கென்று தனியாக யு.கே.வி.ஐ. (விசாக்களைக் கவனிக்கும் அரசுப் பிரிவு) கணக்கு இருக்க வேண்டும். அப்பாவின் கணக்கில் பிள்ளையின் விசா தெரியாது. 18க்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் பெற்றோரே கணக்கைத் தொடங்கித் தரலாம். உள்ளே போனால் எதற்காகக் கோடு வேண்டும் என்று மூன்று தேர்வுகள் வரும்: வேலைக்கு, வாடகைக்கு, வேறு காரணத்துக்கு. காலேஜுக்கு மூன்றாவதுதான், அந்தக் கோடு எஸ் எழுத்தில் தொடங்கும். வேலைக்கான கோடு டபிள்யூவில் தொடங்கும், அதைக் கொடுத்தால் அவர்கள் பக்கத்தில் திறக்காது. கோடு 90 நாள்தான் செல்லும். பிப்ரவரியில் எடுத்ததை ஆகஸ்டில் நீட்டினால் பயன்படாது, சேர்க்கைக்கு முந்தின வாரம் புதிதாக ஒன்று எடுங்கள்.

*முகவரிச் சான்று.* கவுன்சில் வரி ரசீது, வங்கி அறிக்கை, வாடகை ஒப்பந்தம் இவற்றில் ஒன்றோ இரண்டோ. உறவினர் வீட்டில் அறை எடுத்து இருக்கும் குடும்பத்துக்கு இவை எதுவுமே தங்கள் பெயரில் இருக்காது. அப்படியென்றால் வந்த முதல் மாதமே வங்கிக் கணக்கில் இந்த முகவரியைப் போட்டு அறிக்கை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரிடம் ஒரு கடிதமும் கேட்டு வாங்கலாம், சில காலேஜ்கள் ஏற்றுக்கொள்கின்றன.

*மதிப்பெண் சான்றிதழ்.* தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பட்டியலில் ஆங்கிலமும் இருப்பதால் மொழிபெயர்ப்புச் செலவு இல்லை. இலங்கையிலிருந்து வருபவர்கள் பரீட்சைத் திணைக்களத்திடம் ஓ லெவல் பெறுபேற்றை ஆங்கிலத்தில் விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள், இணையத்திலேயே கேட்கலாம். அசல் கையில் இருக்கட்டும், ஸ்கேனும் இருக்கட்டும். பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கும்போதே, தலைமையாசிரியரின் கையெழுத்தோடும் முத்திரையோடும் ஆங்கிலத்தில் ஒரு நடத்தைக் கடிதம் வாங்கிவிடுங்கள். இங்கே "ரெஃபரன்ஸ்" என்று கேட்பார்கள். கடல் தாண்டி வந்தபின் அதை வாங்குவது பெரும்பாடு.

*ஈனிக் கடிதம்.* வெளிநாட்டுச் சான்றிதழ் இங்கே எதற்குச் சமம் என்று யு.கே. ஈனிக் என்ற அமைப்பு எழுதித் தரும் ஒப்பீட்டுக் கடிதம் இது. இணையத்தில் விண்ணப்பிக்கலாம், அறுபது பவுண்டு அளவில் ஆகும், இரண்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் காலேஜும் இதைக் கேட்பதில்லை. தாங்களே ஒரு சிறு தேர்வு வைத்துச் சேர்த்துக்கொள்ளும் இடங்களும் உண்டு.

அப்படியிருந்தும் நான் இதை வாங்கச் சொல்வேன். ஆங்கிலத்திலும் கணிதத்திலும் ஜி.சி.எஸ்.இ. 4ஆம் கிரேடோ (9தான் உச்சம், 1 கடைசி) அதற்குச் சமமானதோ இல்லாத மாணவர், மற்ற பாடங்களோடு அவற்றையும் தொடர்ந்து படித்தாக வேண்டும் என்பது அரசு நிதிக்கான நிபந்தனை. சமம் என்று காட்டக் காகிதம் இல்லாவிட்டால், ஊரில் கணிதத்தில் 95 வாங்கிய பிள்ளையும் கணித மறுதேர்வு வகுப்பில் போய் உட்காரும். வாரத்தில் சில மணி நேரம் வீணாகும். கடிதம் இருந்தால் பேசித் தீர்க்கலாம். ஆங்கிலத்தைப் பொறுத்தவரை என் கருத்து வேறு: கடிதம் இருந்தாலும் ஜி.சி.எஸ்.இ. ஆங்கிலத்தை எழுதி முடித்துவிடுங்கள். பல்கலைக்கழகமும் வேலை தருபவரும் பின்னால் கேட்பது அதைத்தான்.

*பிறப்புச் சான்றிதழ், பெயர்.* இன்ஷியல் தலைவலி நமக்கே உரியது. பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகவும், மதிப்பெண் பட்டியலில் வெறும் ஒற்றை எழுத்தாகவும் இருக்கும். விண்ணப்பத்திலும் எல்லா இடத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே போடுங்கள். முதல் நாள் போட்ட பெயர்தான் தேர்வு வாரியத்துக்குப் போகும், அதுதான் ஏ லெவல் சான்றிதழில் அச்சாகும்.

7. எந்த மாதத்தில் என்ன

அக்டோபர், நவம்பரில் ஓப்பன் டே. விண்ணப்பமும் அப்போதே திறக்கும். பல இடங்களில் ஜனவரியில் மூடுவார்கள். யூகாஸ் எல்லாம் இதற்குக் கிடையாது, ஒவ்வொரு காலேஜின் இணையதளத்திலும் தனித்தனியாகப் போட வேண்டும். மூன்று நான்கு இடங்களுக்குப் போடுவதில் தடை ஏதும் இல்லை, கட்டணமும் இல்லை. வசந்த காலத்தில் நேர்காணல், பிறகு நிபந்தனையோடு ஓர் இடம். ஆகஸ்ட் பின்பாதியில் ஒரு வியாழக்கிழமை ஜி.சி.எஸ்.இ. முடிவு வரும், அன்றே சேர்க்கையும் தொடங்கிவிடும். செப்டம்பர் முதல் வாரம் வகுப்பு.

மே, ஜூனில் வந்து இறங்குகிறவர்கள் மனம் தளர வேண்டாம். கெடு முடிந்தாலும் காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டு, முடிவு வரும் வியாழனன்று காலையிலேயே எல்லா ஆவணங்களோடும் நேரில் போய் நில்லுங்கள். அன்று கிரேடு குறைந்து இடத்தை இழப்பவர்களும், வேறு இடத்துக்குத் தாவுபவர்களும் நிறைய. கணிசமான இடங்கள் காலியாகும். அந்த வாரம் ஊருக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

8. நேர்காணலும் சேர்க்கை நாளும்

கேள்வி பிள்ளையிடம்தான் வரும், பதிலும் பிள்ளைதான் சொல்ல வேண்டும். அப்பா முந்திக்கொண்டு பேசினால் எதிரில் இருப்பவர் பொறுமையாகச் சிரித்துவிட்டு மறுபடியும் பிள்ளையைப் பார்ப்பார். "ஏன் இந்தப் பாடம்?" என்பதற்கு "ஸ்கோப் இருக்கு" என்ற பதில் எடுபடாது. வீட்டில் தானாக எழுதிய ஒரு சின்ன ப்ரோகிராமோ, பாகம் கழற்றிச் சரிசெய்த பழைய கம்ப்யூட்டரோ இருந்தால் அதைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள்.

ஏ லெவல் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு ஜி.சி.எஸ்.இ. கணிதத்தில் 6 கேட்பது வழக்கம். பீடெக்குக்குப் பொதுவாக நாலைந்து பாடத்தில் 4 இருந்தால் போதும். ஜி.சி.எஸ்.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்காமல் வந்தால் என்ன என்று தயங்க வேண்டியதில்லை, கணிதம் நன்றாக இருந்தால் பல காலேஜ்கள் எடுத்துக்கொள்கின்றன. ஆனால் கோடை விடுமுறையில் பைத்தானை அடிப்படையிலிருந்து கற்றுக்கொண்டு போங்கள். வகுப்பில் மற்றவர்கள் மூன்று ஆண்டாக எழுதிப் பழகியவர்களாக இருப்பார்கள்.

9. கைக்காசு எதற்கெல்லாம் போகும்

லேப்டாப்தான் பெரிய செலவு. சேர்க்கை முடியும் வரை வாங்காதீர்கள். கடனாகக் கொடுக்கும் காலேஜ்களும் உண்டு. வாங்கினால் விண்டோஸ், 16 ஜி.பி. ராம் இருந்தால் நல்லது. 400 முதல் 600 பவுண்டுக்குள் படிப்புக்குப் போதுமானது கிடைக்கும். விலை குறைவு என்று குரோம்புக் வாங்கிவிட வேண்டாம். டேட்டாபேஸ் பாடத்துக்கு மைக்ரோசாஃப்ட் அக்சஸ் பயன்படுத்தும் காலேஜ்கள் இன்னும் இருக்கின்றன, அது குரோம்புக்கிலும் ஓடாது, மேக்கிலும் ஓடாது. மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸுக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டாம், பெரும்பாலும் காலேஜ் மின்னஞ்சலோடு இலவசமாக வரும்.

பயணம்: லண்டனில் இருப்பவர்கள் 16+ ஜிப் ஆய்ஸ்டர் அட்டைக்கு ஆகஸ்டிலேயே விண்ணப்பியுங்கள். விண்ணப்பக் கட்டணம் மட்டும்தான், பேருந்து இலவசம். ரயிலில் போகிறவர்களுக்கு 16-17 சேவர் அட்டை, 35 பவுண்டு, பாதிக் கட்டணம். 18ஆவது பிறந்தநாளோடு அது முடிந்துவிடும் என்பதால் வாங்கும் தேதியைப் பார்த்து வாங்குங்கள்.

தேர்வுக் கட்டணம் முதல் முறை காலேஜ் கட்டும். மறுதேர்வுக்கும், ஒழுங்காக வராதவர்களுக்கும் உங்களிடமே வசூலிக்கலாம். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு 16-19 பர்சரி என்ற உதவித்தொகை உண்டு. வருமான வரம்பைக் காலேஜே முடிவு செய்யும், நிதி தீர்ந்தால் தீர்ந்ததுதான். சேர்ந்த வாரமே மாணவர் சேவைப் பிரிவில் படிவம் கேளுங்கள். வருகை குறைந்தால் இதையும் நிறுத்துவார்கள்.

10. முதல் ஆறு வாரம்

பாடம் பிடிக்கவில்லை, கனமாக இருக்கிறது என்றால் இந்தக் காலத்துக்குள் சொல்லிவிட வேண்டும். காலேஜுக்கு வரும் அரசு நிதிக் கணக்கு ஆறு வாரத்தில் இறுகிவிடும், அதற்குப் பிறகு மாற்றித் தர யாருக்கும் மனம் வராது. நடைமுறையில் செப்டம்பர் கடைசிக்குள் மாறினால்தான் விட்டுப்போன பாடத்தைப் பிடிக்க முடியும்.

11. ப்ராஜெக்ட்டும் அசைன்மென்ட்டும்

ஏ லெவல் ப்ராஜெக்ட் முதல் ஆண்டின் கோடையில் தொடங்கி, இரண்டாம் ஆண்டின் வசந்தம் வரை இழுக்கும். இரண்டாம் ஆண்டில் நேரடியாக நுழையாதீர்கள் என்று சொன்னது இதனால்தான்.

ஏ.க்யூ.ஏ.வில் மொத்தம் 75 மதிப்பெண்: ஆய்வுக்கு 9, வடிவமைப்புக்கு 12, ப்ரோகிராமுக்கு 42, சோதனைக்கு 8, மதிப்பீட்டுக்கு 4. அந்த 42இல்தான் எல்லாம் இருக்கிறது என்று நினைத்துப் பிள்ளைகள் இரவு பகலாக நிரல் எழுதிவிட்டு, ஆவணத்தைக் கடைசி வாரத்தில் அள்ளிப் போடுகிறார்கள். மீதி 33 அங்கேதான் போகிறது.

இன்னொரு பொறி, தலைப்பு. உண்மையான ஒருவருக்குப் பயன்படும் ஒன்றைச் செய்யச் சொல்வார்கள். கடைச் சரக்குக் கணக்கு, மாணவர் வருகைப் பதிவு என்று பெயரைச் சேர்த்து, தேடி, அழிக்கிற ப்ரோகிராம் எழுதினால் எவ்வளவு அழகாக இருந்தாலும் மேல் அடுக்கு மதிப்பெண் கிடைக்காது. கடினமான அல்காரிதம் உள்ளே இருக்க வேண்டும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு வருகைப் பதிவு செய்யலாம் என்றுதான் என் மகளும் முதலில் யோசித்தாள். ஆசிரியர், அதே பள்ளிக்கு வகுப்பு அட்டவணையைத் தானாகப் போட்டுத் தரும் ப்ரோகிராமாக அதை மாற்றச் சொன்னார். இந்த அக்கா பத்தரைக்குப் பிறகுதான் வருவார், அந்த அண்ணாவுக்கு இரண்டு வகுப்பு அடுத்தடுத்து வேண்டாம், மூன்று நிலைகளுக்கு அறை இரண்டுதான். இத்தனை நிபந்தனையையும் பொருத்திப் பார்த்து, மோதினால் பின்வாங்கி வேறு வழி தேட வேண்டும்; ரிகர்ஷன் (ஒரு நிரல்பகுதி தன்னையே திரும்ப அழைப்பது) தானாக உள்ளே வந்துவிட்டது. பள்ளியின் பொறுப்பாளர் அக்காவிடம் எடுத்த நேர்காணலை எழுதி, ஆய்வுப் பகுதியில் சேர்த்தாள். நம் சமூகத்தில் இப்படிப்பட்ட தேவைகள் ஏராளம், கோவில் அன்னதானப் பதிவு, பேட்மிண்டன் குழு ஆட்ட அட்டவணை என்று தேடினால் அகப்படும்.

ஏ.ஐ. கருவியிடம் கேட்டு எழுதியதைத் தன்னுடையது என்று கொடுத்தால் அது முறைகேடு. எங்கே, எதற்குப் பயன்படுத்தினேன் என்று குறிப்பிட வேண்டும், அப்படிப் பயன்படுத்திய பகுதிக்கு மதிப்பெண்ணும் எதிர்பார்க்க முடியாது. மாமா பெரிய கம்பெனியில் ப்ரோகிராமராக இருக்கிறார் என்றால் அவரையும் சற்றுத் தள்ளியே வையுங்கள். ஆசிரியர் ஒரு வரியைக் காட்டி "இது என்ன செய்கிறது?" என்று கேட்டால் பிள்ளைக்குச் சொல்லத் தெரிய வேண்டும்.

பீடெக்கில் அசைன்மென்ட் கெடுதான் எல்லாம். கெடுவுக்குள் கொடுத்திருந்தால்தான் திருத்திக் கொடுக்க ஒரு வாய்ப்பு உண்டு, அதற்குப் பதினைந்து வேலை நாள். அதுவும் ஆசிரியர் அனுமதித்தால். ஒரு யூனிட்டில் பாஸுக்கான அளவுகோல்களில் ஒன்று விட்டுப்போனாலும், மற்றவை டிஸ்டிங்ஷன் தரத்தில் இருந்தாலும் அந்த யூனிட் பாஸ் ஆகாது. "விவரி" என்று கேட்ட இடத்தில் விவரித்தால் பாஸ். "மதிப்பிடு" என்று கேட்ட இடத்திலும் விவரித்துவிட்டு வந்தால் டிஸ்டிங்ஷன் போச்சு. நம் பிள்ளைகள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள், எழுதியது குறைவு என்பதால் இல்லை.

12. பல்கலைக்கழகக் கட்டணத்தை இப்போதே பாருங்கள்

சிக்ஸ்த் ஃபார்ம் இலவசமாக முடிந்தது, பல்கலைக்கழகமும் உள்ளூர்க் கட்டணத்தில் கிடைத்துவிடும் என்று நம்பிப் பல குடும்பங்கள் அதிர்ந்து நிற்கின்றன. 2025-26இல் உள்ளூர் மாணவருக்கு ஆண்டுக்கு 9,535 பவுண்டு, அதற்கு அரசுக் கடனும் உண்டு. வேலை விசாவில் சார்ந்தவராக இருக்கும் பிள்ளை பொதுவாக வெளிநாட்டு மாணவராகவே கணக்கிடப்படும். கம்ப்யூட்டர் சயின்ஸுக்குப் பல இடங்களில் அது 25,000 பவுண்டைத் தாண்டும், கடனும் கிடையாது.

உள்ளூர்க் கட்டணத்துக்கு வழக்கமான வழி, மூன்று ஆண்டு வசிப்போடு நிரந்தர வசிப்புரிமையும் கையில் இருப்பது. இலையுதிர் காலத்தில் தொடங்கும் படிப்புக்கு அது செப்டம்பர் 1 அன்று இருந்தாக வேண்டும். அக்டோபரில் கிடைத்தால் அந்தப் படிப்புக்கு உதவாது. நிரந்தர வசிப்புரிமை விதிகளும் மாறிக்கொண்டிருப்பதால், சிக்ஸ்த் ஃபார்ம் சேரும் ஆண்டிலேயே உங்கள் குடும்பத்துக்கு எந்த மாதம் தகுதி வருகிறது என்று தகுதியுள்ள குடிவரவு ஆலோசகரிடம் கேட்டு எழுதி வையுங்கள். சில மாதம்தான் இடிக்கிறது என்றால், யூகாஸில் விண்ணப்பிக்கும்போதே ஓர் ஆண்டு தள்ளிச் சேர இடம் கேட்கலாம்.